குங்கிலியம் வைத்த கடைவாய்ப் பல்

என் வாயில் இன்று பதினெட்டுப் பல் நிற்கிறது. அதில் கீழ்க்கடைவாய்ப் பல் ஒன்று வெள்ளி வைத்து அடைத்தது. போன மாதம் விம்கோ நகர் பல் டாக்டரம்மா, என் பேத்தி வயசுதான், கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு பழசை நான் பார்த்ததே இல்லை, யார் கூட்டிப் போய் அடைத்தது என்று கேட்டது. அத்தை என்றேன். அதற்கு மேல் சொல்ல விடாமல் வாயில் பஞ்சு இருந்தது.

அத்தை என் நைனாவுக்குத் தங்கை. காசிமேட்டில் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளைப் போல் அழகானவளை அதற்குப் பிறகும் நான் பார்க்கவில்லை. சிரிப்பு வந்தால் உள்ளங்கையை விரித்து வாயை மூடிக்கொள்வாள். கண் மட்டும் சிரிக்கும். மீன் கூடை இறக்குகிற இடத்தில், அத்தனை கூச்சலுக்கு நடுவிலும், அந்தக் கை மெதுவாக எழுந்து வரும். பெரிய வீட்டுப் பெண்கள் இப்படித்தான் சிரிப்பார்கள் என்று நானே முடிவு செய்து, ஒன்பது வயதில் நானும் கை வைத்துச் சிரிக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த வருஷம் நைனா படகைக் கரையில் ஏற்றிப் போட்டிருந்தார். மரப்படகு. தண்ணீர் புகாமலிருக்கப் பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார். துறைமுகத்துக்குள் நுழைய முறை வராத கப்பல்கள் தூரத்தில் காத்துக்கொண்டிருக்கும். குங்கிலியப் புகை வழியே பார்த்தால் அவை வானத்தில் நிற்பது போலத் தெரியும். அப்படிப் பார்த்துக்கொண்டே கிடந்தபோதுதான் என் நாக்கு கடைவாயில் ஒரு பொத்தலைக் கண்டுபிடித்தது. பெரிய வலி இல்லை. ஐஸ் தின்றால் சுருக்கென்று குத்தும், அவ்வளவுதான். பொத்தல் என்றால் அடைக்க வேண்டும், இது தெரியாதா எனக்கு? ஆறின சட்டியிலிருந்து ஒரு துணுக்குக் குங்கிலியம், கொஞ்சம் பஞ்சு. விரலால் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் அத்தை தலை பின்னும்போது மூக்கைச் சுளித்தாள்.

“இன்னாடி, உன் வாயில படகு வாசனை வருது?”

நைனா படகுக்கு அடைத்தது போல நானும் அடைத்துக்கொண்டேன் என்றேன். அத்தை சிரிக்கவில்லை. என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி நெடுநேரம் பார்த்தாள்.

“உங்க நைனா அழுகின கட்டையச் சொரண்டாம என்னிக்காவது பூசிகீறாரா?”

அது எனக்குத் தோன்றவேயில்லை.

அம்மா, கிராம்பு வைத்தால் போதும் என்றாள். வலிக்கிறபோது பிடுங்கிக்கொள்ளலாம், வலிக்காத பல்லுக்கு எவன் டாக்டரிடம் போவான் என்றார் நைனா. அத்தை அண்ணனை எதிர்த்துப் பேசினவளே இல்லை. அன்று பேசினாள்.

“வலி வந்தப்புறம் போனா புடுங்கத்தான் செய்வாங்க அண்ணா. பொட்டைப் புள்ள வாய் அது.”

மறுநாள் மீன் ஏலத்துக்குப் போகாமல் என்னை ராயபுரத்துக்கு நடத்திக்கொண்டு போனாள். மாடியில் பல் டாக்டர். நாற்காலி அலை தூக்குவது போல மெல்ல மேலே எழும்பியது. கூரையில் ஈரம் ஊறின கறை ஒரு கடல். அதில் ஒரு பல்லி, காத்திருக்கிற கப்பல் மாதிரி அசையாமல். டாக்டர் காலால் மிதித்து ஓட்டின, பல்லைக் குடைகிற ஊசி மண்டைக்குள் வண்டு போல ரீங்கரித்தது. குங்கிலியத்தைச் சுரண்டினார், அதன் கீழே இருந்த கறுப்பையும் சுரண்டினார். ஆழமாகத்தான் போயிருக்கிறது, ஆனால் நரம்பைத் தொடவில்லை, நல்ல சமயத்தில் வந்தீர்கள் என்றார். பிறகு வெள்ளியாய் எதையோ குழைத்து வைத்து அழுத்தினார்.

முடிந்ததும் அத்தையிடம், உட்காரும்மா, உன் வாயையும் பார்க்கிறேன் என்றார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டாள். இவ்வளவு பெரியவள் ஊசிக்குப் பயப்படுகிறாளே என்று எனக்கு ஒரே கர்வம்.

தெருவில் ஒரு டீக்கடைக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரின் மறுபக்கத்தை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வழக்கம்போல் உள்ளங்கையும் எழுந்தது. அத்தை வெடுக்கென்று அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“இனிமே கைய வச்சிகினு சிரிச்சே, கைய ஒடிச்சிடுவேன். தொறந்து சிரிடி.”

என் கண் நிறைந்துவிட்டது. அவள் சிரிப்பை நான் எடுத்துக்கொண்டேன் என்று அவளுக்குக் கோபம், அது அவள் ஒருத்திக்கே சொந்தமாக இருக்கவேண்டும் போல என்று நினைத்தேன். அந்தக் கைக்குப் பின்னால் என்ன இருந்தது, என்ன இல்லை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இவளுக்கு முன்னால் இனிச் சிரிப்பதேயில்லை என்று, வெள்ளிப் பல்லை உள்ளே வைத்து வாயை இறுக மூடிக்கொண்டு, காசிமேடு வரை நடந்தேன். வழியில் இரண்டு முறை அத்தை குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் வைத்தது வலிக்கிறதாக்கும் என்று நினைத்திருப்பாள்.