எக்ஸிட் எடுக்காத பெண்

1998-ல் நாங்கள் டெக்சாஸில், சுகர் லேண்டில் இருந்தோம். தமிழ்ச் சங்கப் பொங்கல் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று ஆளாளுக்குப் பிடுங்கியெடுத்ததால், நானும் ஒரு கதை எழுதிக் கொடுத்துத் தொலைத்தேன். வேலை முடிந்து காரில் வரும் ஒரு பெண், வீட்டுக்குத் திரும்பவேண்டிய எக்ஸிட்டை எடுக்காமல் ஃப்ரீவேயில் நேராகப் போய்க்கொண்டே இருப்பாள். அவ்வளவுதான் கதை. சத்தியமாகக் கற்பனை. எனக்கு அப்போது லைசென்ஸே கிடையாது.

மலர் வந்த வாரமே ஆரம்பித்துவிட்டது. எதிர் அபார்ட்மென்ட் ஆன்ட்டி சாம்பார் சாதத்தோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லா வீட்டிலும் இருப்பதுதான், அனுசரித்துப் போ என்றார். ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் பெண்களெல்லாம் என் கணவரை முறைத்தார்கள். ஒரு அங்கிள் அவரைத் தனியே கூட்டிப்போய்ப் புத்தி வேறு சொன்னாராம். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது, அது நானில்லை என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். யார் கேட்டார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் மட்டும் வாயே திறக்கவில்லை. ஊர்ப் பேச்சில் மனிதர் நொந்துபோய்விட்டார், எங்களுக்குள் விரிசல் வந்துவிடுமோ என்று பயந்தேன். ஒரு சனிக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டே, கதை உங்களைப் பற்றியும் இல்லை, என்னைப் பற்றியும் இல்லை என்று மறுபடி ஆரம்பித்தேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு நான்தானே? உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. அப்புறம் மெல்லச் சொன்னார். ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்களாம். வேலை போனால் விசாவும் போச்சு. என் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், பல சாயங்காலம் எங்கள் எக்ஸிட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். டிராஃபிக் என்று என்னிடம் சொன்னதெல்லாம் அதுதான்.

அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு எதுவும் தெரியாது என்றால் அவர் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கே குழப்பமாகிவிட்டது. லேட்டாக வந்து, ஷூவைக் கூடக் கழற்றாமல் அவர் வாசலில் நிற்பதைத் தினம் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்? அப்படியானால் தெரிந்துதான் எழுதினேனா?

வேலை என்னவோ தப்பிவிட்டது. ஆனால் இன்றைக்கும் ஒரு கதையை எழுதி முடித்தால் எனக்குப் பயம்தான். வீட்டில் யாருடைய கஷ்டத்தை, அவர் வாய் திறந்து சொல்வதற்கு முன்னால், எனக்கே தெரியாமல் எழுதி வைத்திருக்கிறேனோ என்று.