நான் கஷ்டப்படுகிறேன் என்பதற்கான ஆதாரங்கள்

ஹூஸ்டனை ஒட்டி நான் இருக்கும் கேட்டியில் புல் வளர்ந்தால் கடிதம் வரும். வீட்டுக்காரர்கள் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. நம் வீட்டின் முன்னால் நாம் தண்ணீர் விட்டு வளர்க்கும் புல் எத்தனை அங்குலம் இருக்கலாம் என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். மீறினால் புல்லைப் படம் பிடித்து, சிவப்பில் வட்டம் போட்டு, மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புவார்கள். திருச்சி உறையூரில் எங்கள் வாசலில் யாரோ தோண்டிய குழி நான் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைப் பற்றி யாரும் யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவளுக்குப் புல்லுக்காகக் கடிதம் வந்தால் மானம் போகாதா? என் வக்கீல் டோனாவிடம் அதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "திஸ் இஸ் வொண்டர்ஃபுல்" என்றாள். இதுபோல இன்னும் ஏதாவது வந்திருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டாள்.

விஷயம் இதுதான். திருச்சியில் இருக்கும் என் புருஷனை நான் இங்கே கூட்டி வர வேண்டுமென்றால், அவர் இல்லாமல் நான் சீரழிந்துகொண்டிருக்கிறேன் என்று அமெரிக்க அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். சாதாரணச் சீரழிவு போதாது, 'அதீதத் துன்பம்' என்று சட்டத்தில் போட்டிருக்கிறது. அந்தக் கோப்பைத் திறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரைக்கும் நான் துன்பப்பட்டதற்கு அதில் இருந்த ஒரே ஆதாரம் அந்தப் புல்தான்.

இந்த நிலைமைக்கு எங்களைக் கொண்டு வந்தது யாருடைய அயோக்கியத்தனமும் இல்லை. எனக்கு இது இரண்டாவது கல்யாணம். குமரேசனுக்கு நாற்பத்து மூன்று வயதில் முதல் கல்யாணம். கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவர், பெஞ்சில் தூங்குகிற பையனைக்கூட 'சார்' என்று கூப்பிட்டு எழுப்புகிற ரகம். எல்லாம் பேசி முடித்த மாதத்தில் அவருடைய அப்பா போய்விட்டார். தலைத்திவசம் முடிகிற வரைக்கும் வீட்டில் மாலை மாற்றக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். எனக்குக் கம்பெனியில் இரண்டு வாரம்தான் லீவு. அதனால் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தோம். ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்தை மட்டும் போட்டு வைத்துவிடுவது, தாலி அடுத்த வருஷம் என்று. நோட்டீஸ் எல்லாம் குமரேசன் முன்பே கொடுத்து வைத்திருந்தார். போனோம், கையெழுத்துப் போட்டோம், பக்கத்து மெஸ்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டோம். அவர் அவருடைய அம்மா வீட்டுக்குப் போனார், நான் என் அம்மா வீட்டுக்குப் போனேன். அன்றைக்கு யாரும் வாயில் ஒரு சர்க்கரைகூடப் போட்டுக்கொள்ளவில்லை. அதை யாராவது கல்யாணம் என்று சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன்.

நான் அமெரிக்கா திரும்பி மூன்று மாதம் கழித்து, என்னைப் பார்க்க வர வேண்டும் என்று அவராகவே டூரிஸ்ட் விசாவுக்கு அப்ளை பண்ணினார். தில்லைநகர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பிக்கொண்டு வந்தவர், 'திருமண நிலை' என்ற இடத்தில் 'ஆகவில்லை' என்று தட்டினார். பின்னால் நான் கத்தியபோது அவர் சொன்ன பதில் இது: "தாலி கட்டாம மேரீட்னு எப்படிம்மா போடறது? அப்பா காரியமே முடியல. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாங்க?" அமெரிக்கத் தூதரகத்தின் ஃபாரத்தை என் மாமியார் எந்த ஜன்மத்தில் படிக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தில் என் கையும் அங்கேதான் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விசா கிடைத்தது, வந்தார். மூன்று வாரம் இருந்தார். ஐ-டென் ஃப்ரீவேயைப் பார்த்து, "இவ்வளவு பேரும் அப்படி எங்கதான் போறாங்க?" என்று கேட்டார். சொன்ன தேதியில் திரும்பிப் போனார். திவசம் முடிந்ததும் வயலூர் முருகன் கோயிலில் தாலி கட்டினார். ஆல்பம் வந்தது. புருஷனைக் கூப்பிட்டுக்கொள்ள ஐ-130 என்கிற மனுவைப் போட்டேன், அதுவும் பாஸாகிவிட்டது. கடைசியாக மும்பையில் இன்டர்வியூ. அங்கே இருந்த ஆபீசர் பழைய டூரிஸ்ட் விசா ஃபாரத்தையும் ரெஜிஸ்டர் ஆபீஸ் சர்டிபிகேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

"விசிட்டர் விசா கேட்டபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா?"

"நோ சார். ரெஜிஸ்டர் ஒன்லி."

"இது கல்யாண சர்டிபிகேட் இல்லையா?"

"யெஸ் சார். சிக்னேச்சர் மட்டும். ஃபாதர் எக்ஸ்பயர்டு. ஒன் இயர் கழிச்சுதான் ஃபுல் மேரேஜ்."

ஆபீசர் இதே கேள்வியை இரண்டு தடவை வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார். இவரும் இரண்டு தடவையும் திவசத்தை விளக்கியிருக்கிறார். வெளியே வந்து எனக்குப் போன் பண்ணி, "நல்ல மனுஷன். பொறுமையா கேட்டுக்கிட்டார். ஒரு பேப்பர்கூடக் குடுத்திருக்கார்" என்றார். அந்தப் பேப்பரைப் படம் எடுத்து அனுப்பினார். பொய்த் தகவல் கொடுத்து விசா வாங்கியதால் ஆயுளுக்கும் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை என்று அதில் இருந்தது. கீழே சின்ன எழுத்தில், வேய்வர் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. ஆபீஸ் பார்க்கிங்கில் காரை அணைக்காமல் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

வேய்வர் என்றால் விலக்கு. செய்தது தப்புதான், ஆனால் தண்டனையை அனுபவிப்பது இங்கே இருக்கிற மனைவி, ஆகவே மன்னியுங்கள் என்று கேட்பது. டோனா முதல் நாளே நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு கேட்டாள். தூக்கம் வருகிறதா? வருகிறது. எடை குறைந்ததா? அந்த அதிர்ஷ்டம் இல்லை. வேலை? எண்ணெய்க் குழாய் எந்த இடத்தில் துருப்பிடித்து ஓட்டை விழும் என்று கணக்குப் போடுகிறவள் நான். போன மாதம்தான் பாராட்டினார்கள். டோனா பேனாவைக் கீழே வைத்தாள். "யூ ஆர் டூயிங் டூ வெல்" என்றாள், டாக்டர் கெட்ட சேதி சொல்கிற குரலில். நான் என்ன செய்ய முடியும்? எப்படி இருக்கே என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லி வளர்ந்த ஜாதி நாம். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாலும் பார்க்க வந்தவரிடம் 'நல்லா இருக்கேன், காபி சாப்பிட்டீங்களா' என்றுதான் கேட்போம்.

சரி, தெரிந்தவர்களிடம் கடிதம் வாங்கி வா என்றாள். நான்கு தெரு தள்ளி இருக்கும் சந்திரா ஆன்ட்டியிடம் போனேன். என்மேல் உயிரையே வைத்திருக்கிறவர். நான் எவ்வளவு கஷ்டப்படுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் ஆன்ட்டி என்று தெளிவாகத்தான் சொன்னேன். ஒரு வாரம் யோசித்து, ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தார். சுமதி மிகவும் தைரியமான பெண். தனியாக ஃப்ரீவேயில் கார் ஓட்டுவாள். தானே புல் வெட்டுவாள். நவராத்திரிக்கு நூறு பேருக்குச் சுண்டல் செய்தாள். புருஷன் பக்கத்தில் இல்லாத குறையே தெரியாமல் சிரித்த முகமாக இருப்பாள்.

"ஆன்ட்டி, இதைப் படிச்சா அவரை எதுக்கு வரச் சொல்லணும்னு கேப்பாங்க" என்றேன்.

"அதுக்காக ஒன்ன அழுமூஞ்சின்னு என் கையால எழுதச் சொல்றியா? நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா எவன் மதிப்பான்?"

மேலும் மூன்று பேரிடம் வாங்கினேன். எல்லாருமே எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ்தான் கொடுத்தார்கள். டோனா அவற்றை ஒரு ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். சட்டம் இரண்டு பக்கமும் கேட்கும். அவர் இங்கே வராவிட்டால் உனக்கு என்ன கஷ்டம் என்பது ஒன்று. அப்படியானால் நீ ஏன் அங்கே போய் இருக்கக் கூடாது என்பது இன்னொன்று. நீ பிறந்த ஊரில் உன்னால் ஏன் வாழ முடியாது? எழுது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். வெயில், கொசு, திருச்சியில் எனக்குக் கணக்குப் போட எண்ணெய்க் குழாய் கிடையாது. டோனா கொசுவை அடித்தாள். வெயிலையும் அடித்தாள். ஹூஸ்டனில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள் என்றாள். "நிஜக் காரணம் என்ன?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இருபத்தெட்டு வயதில், முதல் கல்யாணமாகி ஆறே மாதத்தில், ஒரு பெட்டியோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தேன். எங்கள் தெருவில் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள். வாழாவெட்டி. எதிர்வீட்டு ராஜேஸ்வரி அக்கா காலையில் கிளம்பும்போது நான் வாசலில் நின்றால் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். சித்தி மகள் கல்யாணத்தில் ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து ஒருத்தி வாங்கிக்கொண்டாள். ரொம்பப் பிரியமாக, 'நீ உக்காரு கண்ணு' என்று சொல்லித்தான் வாங்கினாள். நான் மேல்படிப்புக்காக அமெரிக்கா வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். படிப்புக்காக வரவில்லை, தப்பித்து ஓடி வந்தேன். இதைச் சொல்லி முடித்தபோது டோனாவின் மேஜையில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தேன். அவள் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். என் தோளைத் தொட்டாள். நல்லவள்தான். இன்னொரு கையால் தேதியையும் மணியையும் குறித்துக்கொண்டாள்.

நான்கு பக்கம் வந்தது. பொய்யாக இருந்தால் சட்டப்படி தண்டனைக்கு உட்படுவேன் என்று கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போடும் முன், தேதிகளைச் சரிபார்க்கக் குமரேசனுக்கு அனுப்பினேன். எதை அனுப்பினாலும் கட்டைவிரல் படம் போடுகிற மனுஷன் இரண்டு நாள் ஒன்றுமே போடவில்லை. சனிக்கிழமை காலையில் கூப்பிட்டார். அங்கே விளக்கு வைத்துவிட்டிருந்தார்கள்.

"இதெல்லாம் எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றார்.

"நீங்களும் அதே ஊர்தான. தெரியும்னு நெனச்சேன்."

போனோடு மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. வேய்வர் கெடைக்கலன்னா நீ இங்க வந்துருவேன்னு நெனச்சிட்டிருந்தேன். கெடைக்கக் கூடாதுன்னுகூட ஒரு நாள் வயலூர்ல வேண்டிக்கிட்டேன். உனக்காக மாடியில வெஸ்டர்ன் டாய்லெட்டெல்லாம் வெச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் இங்கே துன்பத்துக்கு ஆதாரம் தேடி ஊரெல்லாம் அலைகிறேன், இவர் அங்கே அதே முருகனிடம் எதிர்மனு போட்டிருக்கிறார். வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். போனை வைத்த பிறகுதான் தெரிந்தது, நான் பாதி அழுகையும் பாதி சிரிப்புமாக நின்றுகொண்டிருந்தேன். நான் ஓடி வந்த ஊரில் ஒருவர் எனக்காக ஒரு அறையைத் தயார் பண்ணி வைத்துக் காத்திருந்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அது என் கேஸுக்கே ஆகாது. சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "தேதியெல்லாம் சரி. கையெழுத்துப் போடு. நானே வர்றேன்."

கையெழுத்துப் போட்டேன். மாதக்கணக்கில் காத்திருந்தோம். விலக்கு கிடைத்தது. சுமதியால் திருச்சியில் வாழ முடியாது என்பதை அமெரிக்க அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது.

அவரைக் கூட்டி வரப் போன மாதம் திருச்சிக்குப் போனேன். அவருடைய வீடு என் அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு. நான் வந்தது தெரிந்து ராஜேஸ்வரி அக்கா, தடியூன்றிக்கொண்டு, ஒரு டப்பா நிறைய அதிரசத்தோடு வந்தார். "புருஷன அழைச்சிட்டுப் போக வந்தியா கண்ணு" என்று கன்னத்தைத் தடவினார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் என்று பதிமூன்று வருஷமாக நினைத்திருக்கிறேன். மூன்று அதிரசம் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், குமரேசன் பெட்டி கட்டிக்கொண்டிருக்க, சும்மா கொஞ்ச நேரம் என்று கூடத்தில் ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்தேன். தெருவில் ஒருவன் ஒலிபெருக்கியில் பழைய இரும்பு கேட்டுக்கொண்டு போனான். மாமியாரின் டிவியில் யாரோ யாரையோ பழிவாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் செத்தவள் மாதிரி தூங்கினேன். அவர் காபியோடு வந்து எழுப்பும்போது மணி ஐந்து.

"மூணாம் பக்கத்துல, இந்த ஊரை நெனச்சாலே தூக்கம் வராதுன்னு எழுதியிருந்தியே" என்றார்.

"வாய மூடிட்டுப் பெட்டியக் கட்டுங்க. யார் காதுலயாவது விழப்போகுது."

கண்ணாடியில் பார்த்தேன். இடது கன்னம் முழுக்கப் பாயின் கோடுகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. தண்ணீர் போட்டுத் தேய்த்தேன். அழியவில்லை.