ஜாடி தட்டும் மாசாணியம்மாள்

"நாந் தட்டாம இந்தக் கேட்டைத் தாண்டி ஒரு ஜாடி போனதில்லீங்க. இனியும் போகாது. போச்சுன்னு எவனாச்சும் நிரூபிக்கட்டும் பாக்கலாம்!"

ஓர் ஆயுத பூஜையன்று, பொரிகடலைக்கு வரிசையில் நின்ற தொழிலாளர் அனைவரும் கேட்க மாசாணியம்மாள் இப்படிப் பிரகடனம் செய்தார். யாரும் மறுக்கவில்லை. மறுத்தால் பொரி தாமதமாகும்.

கிணத்துக்கடவுக்குத் தெற்கே, வெள்ளைக்காரர் காலத்துப் புகைபோக்கியோடு நின்ற அந்தப் பீங்கான் தொழிற்சாலையில் ஊறுகாய் ஜாடி செய்தார்கள். மேலே காப்பி நிறம், கீழே பால் நிறம். மண் பிசைகிறவர், அச்சில் வார்க்கிறவர், பளபளப்புக் குழம்பில் முக்குகிறவர், சூளைக்குக் கரி தள்ளும் காளிச்சாமி என்று பலபேர் பாடுபட்டு ஒரு ஜாடியை உருவாக்குவார்கள். கடைசியில் மாசாணியம்மாள் அதை வேப்பங்கட்டையால் ஒரு தட்டுத் தட்டுவார். கணீர் என்றால் லாரிக்கு. டொக் என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல், குப்பைமேட்டுக்கு. ஹைகோர்ட்டுக்குக்கூட மேலே ஒரு கோர்ட் உண்டு. இவருக்கு இல்லை.

"ஏனுங்கக்கா, கொஞ்சம் மெதுவாத் தட்டுனா நல்ல ஜாடியாயிருமுங்களே?" என்பார் காளிச்சாமி.

"உங்க சூளை அரைவேக்காடா இருந்தா நான் தட்டியா வேக வெக்க முடியும்? போங்க அக்கட்டால!"

பழக்கம் கையைவிட்டுப் போகவில்லை. சந்தையில் பூசணிக்காய், தேங்காய், எண்ணெய் டின் எல்லாம் தட்டு வாங்கின. மகள் பொற்கொடிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் மட்டும் அவர் கையைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்ததை உறவினர்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள்.

தொண்ணூற்று நாலு தை மாதம், கொடுமுடியில் கல்யாணம். சீர்வரிசைக்கு, சூளையிலிருந்து இறங்கியதிலேயே அழகான ஜாடியை எடுத்தார். மஞ்சள் குங்குமம் வைத்தார். கட்டையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. சீர்ச் சாமானை அடிப்பதா? நாளைக்கு மகள் போகிற வீட்டில் அடி வாங்கினால்? கட்டையைக் கீழே வைத்தார். ஜாடி கேட்டைத் தாண்டியது.

சித்திரையில் மகளைப் பார்க்கப் போனபோது பொற்கொடியின் கண்கள் வீங்கியிருந்தன. சீர் ஜாடியில் அவள் போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய் இரண்டு தடவையும் சாறு வற்றிப் பூசணம் பூத்துவிட்டதாம். கைராசி கெட்டவள் என்று தெருவே பேசியது. காயப்போட்ட மிளகாயைக்கூட அவளைத் தொட விடவில்லை. நாத்தனார் கல்யாணத்தில் எந்த வேலைக்கும் முன்னால் வரக்கூடாது என்றும் சொல்லியாயிற்று.

"ஒருவேளை ஜாடியில ஏதாச்சும்..." என்று இழுத்தார் மாசாணியம்மாள்.

"ஜாடியச் சொல்லாதீங்க சம்பந்தி," என்றார் பொற்கொடியின் மாமியார் பத்மாவதி. "நீங்க தட்டாம ஒரு ஜாடி வெளிய வராதுன்னு கல்யாணப் பந்தல்லயே சொன்னீங்களே! நானும் தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கறேன். குத்தம் உங்க புள்ள கையிலதானுங்க."

"அடியில எப்பவும் ஈரமா இருக்குதுங்கத்தை," என்றாள் பொற்கொடி.

"கழுவித் தொடைக்காம வெச்சா ஈரமா இல்லாம எப்படியிருக்கும், அம்மிணி?"

தாயின் புகழ் மகளுக்கு எதிராகச் சாட்சி சொல்லி முடித்துவிட்டது. ஜாடி நல்லதென்றால் மகள் கெட்டவள். மகள் நல்லவளென்றால், ஆயுத பூஜைப் பிரகடனம் காலி. சாயங்காலப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பேசாமல் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

"அந்த மரக்கரண்டிய எடு கண்ணு," என்றார் மகளிடம்.

காலி ஜாடியைக் கூடத்து நடுவில் வைத்தார். வாசலில் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்களை உள்ளே வரச் சொன்னார். கரண்டியால் தட்டினார்.

டொக்.

"சீர்ச் சாமானாச்சேன்னு இத மட்டும் தட்டாம அனுப்பிப்போட்டேனுங்க, சம்பந்தி," என்றார் தணிந்த குரலில். பிறகு, கடைசியாக உள்ளே வந்த பெண்ணுக்குக் கேட்டிருக்காதோ என்று இன்னொரு முறையும் தட்டினார்.