செலீனின் இரண்டு போத்தல்

படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்குகிறாள் செலீன். இரண்டு கையிலும் பெரிய சோடாப் போத்தல், கழுத்து வரை தண்ணீர். இறக்கும்போது நாலு எண்ணுவாள், ஏறும்போது ஒன்று. மத்தியானச் சோற்றுக்கு முன் இது நடந்தாக வேண்டும்.

வெள்ளவத்தைப் புடவைக் கடையில் துணி அளக்கும் இந்தக் கொட்டாஞ்சேனைக்காரிக்கு வயது முப்பத்துநாலு. எட்டாம் வகுப்போடு படிப்புச் சரி. ஆனால் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓட்டத்தில் அவளைப் பிடிக்க அந்தத் தெருவில் ஆள் கிடையாது. பழக்கிவிட்டவர் எவருமில்லை, அடிபட்டு அடிபட்டுத் தானே பிடித்துக்கொண்ட வித்தை.

இந்தச் சண்டைக் காலத்தில் தமிழ் ஆள் வீதியில் ஓடினால் சென்றியில் காவல் நிற்கும் ஆமிக்காரன் துவக்கைத் தூக்குவான். அதனால் கிழமைக்கு இரண்டு நாள் மைதானம், இரண்டு நாள் கடையின் பின்படி. முதலில் பாரத்துக்கு மணலைப் பொட்டலம் கட்டி, கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு வந்தாள். சோதனைச் சாவடியில் மூன்று மணித்தியாலம் நிற்பாட்டி, மணலை றோட்டில் கொட்டிக் கிளறினார்கள். மறுநாளே போத்தலுக்கு மாறினாள். வரும்போது வெறும் போத்தல். கடைக் குழாயில் பிடித்தால் பாரம். யார் என்ன கேட்பது?

போன வருடம் பந்தயத்துக்கு நாலு நாள் இருக்க, யாரோ சீண்டினார்கள் என்று அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றி இருந்தெழும்பினாள். முழங்கால் வீங்கிப் பந்தயம் போனது. வருகிற ஞாயிறு தெரிவு ஓட்டம். முதலாவதாக வருகிறவள்தான் வர்த்தக நிறுவனப் போட்டியில் கடைக்காக ஓடுவாள். அடுத்த வருடம் செலீனுக்கு வயது தாண்டிவிடும்.

இன்று வியாழன். ஞாயிறு அவளோடு ஓடப்போகிற, அதே கடை ஷபீகா, சோற்றுப் பார்சலோடு படியடியில் வந்து நிற்கிறாள். தான் முப்பது கிலோ துணிக்கட்டோடு இருந்தெழும்புவதாக எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறாள்.

"தண்ணிப் போத்தலத் தூக்கி யாரு வெண்டது? ஒனக்குப் பயம்."

"ஓமடி, பயம்தான். அதாலதான் ஞாயிறு ரெண்டு காலோட வருவன்."

கட்டுச் சுமக்கும் பழனிமுத்து சிரித்துவிட்டு, அக்காவுக்காகச் சத்தமாக எண்ணத் தொடங்குகிறான். இன்னும் நாலுபேர் சேர்கிறார்கள். ஒற்றைக் காலில் ஏழு போயிற்று. எட்டில், பழைய முழங்காலின் உள்பக்கம் மெல்லச் சுண்டுகிறது. பத்துக்கு இரண்டுதான் பாக்கி. ஷபீகா "ஒன்பது" என்று முந்திக்கொண்டு சொல்கிறாள்.

செலீன் எட்டோடு படியில் உட்கார்ந்து, மூடிகளைத் திருகி, இரண்டு போத்தலையும் அவர்கள் முன்னாலேயே கழிவுநீர்க் கானுக்குள் கவிழ்க்கிறாள்.