சேர்த்து வைக்க முடியாத வீச்சு

விழுப்புரம் தந்தி அலுவலகத்தில் அடுத்தவர் வீட்டு இழவுச் செய்திகளை எழுதி எழுதிக் கை மரத்துப்போனவள் நான். போன செவ்வாய்க்கிழமை காலை திண்டிவனத்திலிருந்து ஒரு தந்தி வந்தது. கருவியின் தட்டலைக் கேட்டு எழுதும்போது பெறுநர் பெயர்தான் முதலில் வரும். என் பெயர் வந்தது. தனசேகரன் காலமானார், உடனே வரவும் என்று மீதியையும் நானே எழுதி முடித்தேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரு. தனசேகரன் அவர்கள் திண்டிவனம் தபால் அலுவலகத்தில் சேமிப்புக் கணக்குப் பிரிவில் பணியாற்றினார். சாகிற வயதா அது? தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. வேலையில் நேர்த்தியானவர் என்று இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் நான் அறிந்த சாரை அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

அவருடைய மனைவி கஸ்தூரி அக்காவின் தம்பி கப்பலில் வேலை பார்ப்பவர். ஒருமுறை விடுப்பில் வந்தபோது அக்காவுக்குச் சேலையும் சாருக்கு ஓர் அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டிக்குள் ஆங்கிலப் புத்தகம் ஒன்றும், நாங்கள் கண்டிராத மூலைகளோடு சில பகடைகளும் இருந்தன. காயும் இல்லை, கட்டமும் இல்லை. ஒருவர் ஓர் இடத்தை வாயாலேயே சொல்லிக் காட்டுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அங்கே நான் இன்னது செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்த்து வைக்கும்.

ஞாயிறு மதியங்களில் சார் வீட்டில் கூடுவோம். சார் நடத்துவார். கஸ்தூரி அக்கா, கடிகாரம் பழுது பார்க்கும் காஜா பாய், பாசஞ்சரில் போய் இறங்கும் நான் என மூன்று பேர் ஆடுவோம். முதல் நாள் ஆட்டம் முடிந்ததும், "யாரு சார் ஜெயிச்சது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"இதுல ஜெயிக்கறது கெடையாது ஸ்டெல்லாம்மா. எல்லாரும் ஒண்ணா உசுரோட வெளிய வரணும், அவ்ளோதான். புக்குல அப்படித்தான் போட்டிருக்குது."

புத்தகத்தில் போட்டிருந்தால் அவருக்கு அப்பீலே கிடையாது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவர். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சொல்லில் வழுக்கினார். 'சேவிங் த்ரோ' என்று ஓர் இடத்தில் இருந்தது. நாள் முழுக்க சேவிங்ஸ் கவுன்டரில் உட்காருகிற மனிதருக்கு அது வேறு என்னவாகத் தோன்றும்? 'சேமிப்பு வீச்சு' என்று பெயர் வைத்தார். நல்ல எண் விழுந்தால் அப்போதே செலவழிக்காமல் கணக்கில் போட்டு வைக்கலாம், ஆபத்து வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஒரு வீச்சுக்கு ஒரு புளியங்கொட்டை, ஆளுக்கொரு பவுடர் டப்பா. காஜா பாயின் டப்பா எப்போதும் காலிதான். கஸ்தூரி அக்கா மட்டும் ஒரு கொட்டையைக்கூடத் தொடாமல் சேர்த்தார்.

அடுத்த விடுப்பில் வந்த தம்பி இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "மாமா, அது சேமிப்பு இல்ல, தப்பிக்கறது. பாம்பு கடிச்சா அந்த நிமிசமே போட்டுப் பாக்கணும். சேத்துல்லாம் வெக்க முடியாது."

சாரின் முகம் சுண்டிப்போயிற்று. அந்த ஞாயிறே எல்லா டப்பாக்களும் ரத்து. அன்றைக்கென்று ஆட்டத்தில் வந்த மலைக்கோட்டைச் சுனையில் அக்காவின் வீராயியைப் பாம்பு கடித்தது. வீராயி என்பது அக்கா எடுத்திருந்த வேடம். ஒரு வருடமாக அக்கா அவளாகவே வாழ்ந்திருந்தார்.

"டப்பா ரொம்பி வழியுதுங்க. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்."

"செல்லாது கஸ்தூரி. இப்ப போடு."

போட்டார். விழக் கூடாத எண் விழுந்தது, வீராயி செத்தாள். அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். காஜா பாய்க்குப் பொறுக்கவில்லை. "வுடுங்க சார், ஒரு கொட்டைதான? தங்கச்சி அழுவறது பேஜாரா இருக்குது."

சாரின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "நான் பொய் சொல்லிப் பொழைக்க வெச்சா, அப்பறம் எதுல தப்பிச்சாலும் அது இவ தப்பிச்சது இல்ல பாய்" என்றார். எழுந்து போய்த் தானே காபி போட்டுக்கொண்டு வந்து அக்காவின் கையில் கொடுத்தார். "வீராயியோட தங்கச்சி அக்காவ தேடிக்கினு மலையேறி வர்றா. அவ பேரு என்னா?"

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ராசாத்தி" என்றார். ஆள் இழந்தவரை வெளியே உட்கார வைக்கக் கூடாது, உடனே புது வேடம் தர வேண்டும் என்பதும் அந்தப் புத்தகத்தின் ரூல்தான்.

இந்தக் கோடையில் சாருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயிற்றில் கட்டி, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் அக்காவிடம் மட்டும் சொன்னார். அக்கா சாரிடம் அல்சர் என்றார். நான் பார்க்கப் போனபோது அக்கா வெந்நீர் வாங்கப் போயிருந்தார். அல்சர் என்பதை நம்பாத சார் மெல்லச் சொன்னார்: "கஸ்தூரி பகடைய கைக்குள்ளயே மூடிக்கினு நிக்கறா. தெறக்கச் சொல்லுங்க ஸ்டெல்லாம்மா."

வராந்தாவில் அக்காவிடம் சொன்னேன். "நானாம்மா அவருக்கு அத சொல்லணும்?" என்று சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். வெகுநேரம் கழித்து நான் போனபோது சார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஒரு காபி வாங்கிக்கினு வர்றீங்களா? எனக்கில்ல, அவளுக்கு" என்றார். நான் அவர் பேசக் கேட்டது அதுதான் கடைசி.

எல்லாம் முடிந்து ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிய பிறகு, ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தோம். துண்டு, டம்ளர், அடியில் அந்தப் பவுடர் டப்பா. உள்ளே புளியங்கொட்டைகள் அப்படியே இருந்தன.

"இத எதுக்குக்கா அங்க எடுத்துக்கினு போனீங்க?"

"செல்லாதுன்னு தெரியும் ஸ்டெல்லா" என்றார் அக்கா. "அவருக்காவது செல்லுமான்னுதான்."

சார், எல்லோரும் ஒன்றாக வெளியே வர வேண்டும் என்றீர்கள். நாங்கள் வந்துவிட்டோம், உங்களைக் காணோம். நெஞ்சு ஆறவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் பாயும் உங்கள் வீட்டுக்குப் போகிறோம். காபி நான் போடுகிறேன். அக்காவை வெளியே உட்கார வைக்க மாட்டோம். போய் வாருங்கள் சார்.