தகரத்துக்கு அந்தப் பக்கம்

டில்லிபாபு ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில், கப்பல்களில் கடல்தண்ணீர் ஓடும் கண்டென்சருக்கான பித்தளைக் குழாய் செய்யும் கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். ஸ்டோர்ஸின் தகரத் தடுப்புக்கு வெளியே, சந்தில் எவனாவது ஒன்றுக்குப் போகிறானா என்று பார்க்க எழுந்து எழுந்து ஓடுவார்.

காரணம் இருக்கிறது. போன வருடம் தடுப்போரம் அடுக்கியிருந்த குழாய்கள், யாரும் தொடாமலே நீளவாக்கில் விரிசல் விட்டன. வாங்கும் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் சோதித்துப் பார்த்து, சிறுநீரிலிருந்து கிளம்பும் அமோனியாதான் காரணம் என்று எழுதி, மொத்த லோடையும் திருப்பிவிட்டார். கடல்தண்ணீரையே தாங்குகிற குழாய், கேவலம் மூத்திரத்தைத் தாங்கவில்லை! அடுக்கி வைக்க வேறு இடமும் இல்லை.

தகரத்தில் சாமி படங்களை மாட்டினார். ஆட்கள் பக்தியோடு படத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்று ஒன்றுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணனூர் வீட்டிலும் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

"லீவு நாள்ல கேக்க ஆளில்லன்னு இன்னும் ஜாஸ்தியா போவானுங்க!"

"ஒரு எடத்துல குந்துய்யா" என்பாள் மனைவி ராணி.

நேற்று புது லோடைச் சோதிக்க அதே இன்ஸ்பெக்டர் வந்தார். நடுவில் டீ குடிக்க வெளியே போனார். சற்று நேரத்தில் தகரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. டில்லிபாபு குச்சியோடு சந்துக்கு ஓடினார்.

"யோவ், இன்னாயா பண்ற? உள்ள பித்தளை கீதுயா!"

நின்றிருந்தவர் கழுத்தை மட்டும் திருப்பினார்.

"அவசரம்பா. கொஞ்சம்தான்" என்றார், அமோனியாவைக் கண்டுபிடித்த இன்ஸ்பெக்டர்.