பெரியம்மா சொல்லாத இடம்

அந்த வாரம் முழுக்கப் பெரியம்மாவின் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி தொங்கியது. அந்நாளில் ஆபீஸ் ஆட்கள் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு திரிந்த பேஜரைப் போல இருக்கும். அதிலிருந்து கிளம்பிய மெல்லிய கம்பி முதுகுத் தோலுக்குள் நுழைந்து தண்டுவடத்தின் அருகே போய் நின்றது. புதிதாக வந்த எலெக்ட்ரோடு. அதைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்த சிலரில் பெரியம்மாவும் ஒருத்தி. வலிக்கிற இடத்தில் மின்சாரம் லேசாகக் குறுகுறுத்தால் வலி அடங்கும் என்றார் டாக்டர். ஒரு வாரத்தில் பலன் தெரிந்தால் நிரந்தரமாக உள்ளே வைப்பார்கள். தெரியாவிட்டால் உருவி எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

முதுகில் ஆபரேஷன் செய்தும் போகாத எரிச்சல் அவளுடைய இடது காலில் இறங்கியிருந்தது. உட்கார முடியாது. ஸ்ரீவராகத்து வீட்டில் நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். தூக்கமும் கட்டிலருகே முட்டிபோட்டு, தலையை மட்டும் மெத்தையில் சாய்த்துக்கொண்டுதான். ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் வேலை கிடைத்து அவளோடு தங்கியிருந்த நான், காலையில் அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். சாமியின் மேல் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

கம்பி வைக்கும்போது மயக்கம் கொடுக்க மாட்டார்கள். எங்கே குறுகுறுக்கிறது என்று நோயாளி சொல்லச் சொல்ல அதை நகர்த்துவார்கள். பெரியம்மா, காலில்தான் என்றாளாம். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மூன்றாம் நாளும் வார்டில் அவள் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டபோது எனக்குச் சந்தேகம் தட்டியது. விடாமல் நச்சரித்தேன்.

"கால்லே ஒண்ணும் இல்லேடி. வேறெ எடத்துலயாக்கும் குறுகுறுக்கறது. அத்தனை ஆம்பிளைகள் நிக்கறா, எப்படிச் சொல்லுவேன்? நீயும் யார்கிட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா?"

பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத இடம் என்பது, அவள் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. உயிர் போகிற வலியைப் பொறுப்பாளாம், ஒரு வார்த்தையைச் சொல்ல மாட்டாளாம். இது என்ன நியாயம்? மறுநாள் டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பலருக்கும் அப்படி ஆவதுண்டு, எலெக்ட்ரோடில் பல முனைகள் இருக்கின்றன, வெளியிலிருந்தே மாற்றிவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பியது. பெண் டாக்டர் யாரையாவது அனுப்பச் சொல்லிக் கேட்டேன். தலையாட்டினார்.

ரவுண்ட்ஸுக்கு அவரேதான் வந்தார், பின்னால் மாணவர் கூட்டம். இதை அன்றே சொல்லியிருக்கலாமே அம்மா, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று மலையாளத்தில், அன்பாகத்தான், வார்டுக்கே கேட்கும்படி கேட்டார். பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பெட்டியில் எதையோ மாற்றி மாற்றி அவர் கேட்க, சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். நான் அழுதுவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

நிரந்தரக் கருவியும் வைத்தாயிற்று. வீட்டில் வேளாவேளைக்குக் காப்பி வந்தது, டிபன் வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. முதுகுத் தழும்பில் மருந்து தடவ அடுத்தவீட்டு மாமியைக் கூப்பிட்டாள். நான் செய்தது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அவள் கோபம் தப்பென்றும் சொல்லத் தெரியவில்லை. இப்போது நானே முதுகுவலிக்காரி. எதிரே ஆண் டாக்டர் உட்கார்ந்திருந்தால் எனக்கும் வார்த்தை தடுமாறுகிறது.

கழக்கூட்டம் ஹாஸ்டலுக்கு மாறிப் போன அன்று நமஸ்காரம் பண்ணினேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வலி போயிடுத்து," என்றாள். "அன்னிக்கு அவாள்லாம் என்னைப் பார்த்தா பாரு, அது போகலை."